வா, ரா, பா: உத்தனப்பள்ளி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் கதை

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே மூன்று சொற்கள் பழகிவிடும். கரும்பலகைக்கு அருகே கூப்பிட, தமிழ் வீட்டுக் குழந்தைக்கு ‘வா’, தெலுங்கு வீட்டுக் குழந்தைக்கு ‘ரா’, கன்னட வீட்டுக் குழந்தைக்கு ‘பா’. கூப்பிட்ட குரலுக்குக் குழந்தை எழுந்து வந்துவிட்டால், அன்றைய பாடத்தில் பாதி முடிந்தது போலத்தான்.

பள்ளி வரலாறு என்றால் கட்டடம் எழும்பிய ஆண்டு, தலைமையாசிரியர்களின் வரிசை, நன்கொடையாளர் பட்டியல் என்று எழுதுவது வழக்கம். அவற்றுக்கு இந்தச் சிறப்பு மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில், அந்த மூன்று சொற்களின் வழியாக நம் தொடக்கப் பள்ளிகளின் கதையைச் சொல்லப் பார்க்கிறேன்.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது நம் ஊர். சுற்றிலும் பள்ளி, பள்ளி என்று முடியும் ஊர்கள்: தொரப்பள்ளி, அயர்னப்பள்ளி, திம்ஜேப்பள்ளி. தமிழில் பள்ளி என்றால் பாடசாலை என்றும் பொருள்; சிற்றூர் என்றும் பொருள். கன்னடத்தில் அதுவே ஹள்ளி ஆகிவிட்டது. பழங்கன்னடத்தின் பகரம் ஹகரமாக மாறியபோது பால் ஹாலு ஆனது, பல் ஹல்லு ஆனது, பூ ஹூவு ஆனது. இதை அறிந்த ஆசிரியருக்குக் கன்னடக் குழந்தைக்கான முதல் பாடம் கையிலேயே இருக்கிறது. ‘ப’ எழுதிக் காட்டி, “உன் வீட்டு ஹாலு, இங்கே பால்” என்றால் அந்தக் குழந்தையின் முகம் மலர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இவ்வட்டாரப் பழைய பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாவட்டத்தின் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் சேலம். 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். நிர்வாகம் கைமாறியது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தொரப்பள்ளியில்தான் 1878இல் இராஜாஜி பிறந்தார். அவர் முதலமைச்சராக இருந்த 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் வந்தது. வகுப்பறையில் நாளுக்கு மூன்று மணி நேரம், மீதிப் பொழுது பெற்றோரின் தொழிலோடு. எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். நம் மண்ணில் பிறந்த பெருமகன் என்ற மதிப்பு எனக்கு உண்டு. ஆனாலும் ஆட்டுக்குப் பின்னாலும் கேழ்வரகுக் கொல்லைக்கும் போன பிள்ளைகள் முழுநாளும் பள்ளியில் உட்கார முடிந்தது அந்தத் திட்டம் நின்றதால்தான் என்பதை எழுதாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது.

முழுநாளும் உட்கார வேண்டுமென்றால் வயிறு நிறைய வேண்டும். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிவதற்கு முன்பே ரோஜாத் தோட்டத்துக்கோ தக்காளி பறிக்கவோ தொழிற்சாலைப் பேருந்துக்கோ அம்மா கிளம்பிவிடும் வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் கிச்சடியும் பொங்கலும்தான் அன்றைய முதல் சூடான உணவு. காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையை மடியில் தாங்கிய ஆசிரியர்களுக்குத் தெரியும், இதன் அருமை.

இனி, என் மனத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று. பணியில் சேர்ந்த புதிது. சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஒன்றாம் வகுப்பு. ஒரு பெண் குழந்தை மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. படத்தைக் காட்டி “இது என்ன?” என்றேன். யானை. பதில் இல்லை. ‘மெல்லக் கற்பவர்’ என்று என் பதிவேட்டில் குறித்தேன். கேழ்வரகு முற்றும் பருவம் அது. ஓர் இரவு யானைகள் காட்டைவிட்டு இறங்கிக் கொல்லைக்குள் புகுந்தன. மறுநாள் புங்கமரத்தடியில் பிள்ளைகள் ஒருத்தியைச் சூழ்ந்து நின்றார்கள். நடுவில் அவள்தான். “ஏனுகுலு வச்சினாயி” என்று தொடங்கி, எத்தனை யானை, குட்டி எந்தப் பக்கம் ஓடியது, அப்பா எப்படித் தகரத்தைத் தட்டினார், பாட்டி எங்கே ஒளிந்தாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மொழியறிவு அவளிடம் நிறையவே இருந்தது. அதைக் கேட்கும் காது எனக்குத்தான் இல்லை. அன்று மாலை அந்தக் குறிப்பை அடித்துவிட்டுத் தெலுங்கு கற்கத் தொடங்கினேன்.

அதன்பின் வந்த ஒவ்வொரு புதிய முறையையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்தேன்: புங்கமரத்தடியில் பேசிய குழந்தை வகுப்பறைக்குள்ளும் பேசுமா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி.விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, அட்டையை எடுத்து, கற்றல் ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டது குழந்தை. ஆசிரியர் அதன் உயரத்துக்குத் தரையில் அமர்ந்தார். அதுவரை பேசாத பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கற்றதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அட்டைகள் எல்லா ஊருக்கும் ஒன்றே. விழுப்புரத்துக் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் அதே சொல், அதே படம்.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகள் உள்ள நம் எல்லைப் பகுதியில் இதைப் பற்றிய கவலைகளும் வழக்குகளும் எழுந்தன. என் நிலை எளியது. இம்மாநிலத்தில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். அதைத் தாய்மொழியின் தோளில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும்; தாய்மொழியை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வரச் சொல்லக் கூடாது.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பின் கடைசியில் போன குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகளுக்கு இழப்பு இரட்டிப்பு. எழுத்தும் போயிற்று, பேச்சும் போயிற்று. திறந்து பன்னிரண்டாம் நாளே, நவம்பர் 12 அன்று, தேசிய அடைவு ஆய்வு நடந்தது. அந்த மதிப்பெண்களை வைத்து யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை நேரங்களில் திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லித் தந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களை இந்த மலர் மறக்கக் கூடாது. உள்ளூர்ப் பெண்களுக்கு வீட்டுமொழி தெரியும். பயிற்சி பெற்ற எங்களைவிட விரைவாக அவர்களால் பிள்ளைகளைப் பேசவைக்க முடிந்தது.

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கத்தில் குழந்தைகளை வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் பாடமாகவே வந்தன. நம் பகுதிக்குப் பொருந்தும் முறை இது. கதை சொல்லத் தெரிந்த பிள்ளை அரும்பு நிலையில் நீண்ட நாள் நிற்பதில்லை.

கூடவே ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், மூன்று மொழி. இப்போது நான்கு, ஐந்து மொழி என்றும் சொல்லலாம். நாகமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வந்தபின் சாலையின் முகமே மாறிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஓசூர் வட்டாரப் பள்ளிகளில் சேர்கிறார்கள். ‘வா, ரா, பா’வோடு இனி இந்தியின் ‘ஆவோ’வும் பழக வேண்டும்.

மாணவர் சாதனை என்ற தலைப்பில் விளையாட்டுக் கோப்பைகளையும் கலைத் திருவிழாப் பரிசுகளையும் அச்சிடுவது நல்லதுதான். நான் கேட்பது இன்னும் ஒரு வரி. மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், எந்த மொழி வீட்டிலிருந்து வந்தாலும், முன்பின் பார்க்காத ஒரு தமிழ்ப் பத்தியைத் தடையில்லாமல் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் சொற்களில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை ஆண்டுதோறும் ஊர் முன்னால் அறிவிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மூன்றாண்டுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அவர்கள் கடமை என்று சட்டமே சொல்கிறது. சுற்றுச்சுவரும் கழிப்பறையும் அந்தத் திட்டத்தில் கட்டாயம் இருக்கட்டும். முதல் வரி மட்டும் இந்த வாசிப்பாக இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் யானை நடமாட்டம் உள்ள நாட்களில் காட்டோரத்துப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் கூட்டிவந்து விடும் ஏற்பாடு இரண்டாம் வரியாக வரட்டும். அந்த மாதங்களில்தான் வருகை சரிகிறது.

மூன்றாவதாக ஒரு சிறு வேலை. ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் வரும் சொற்களுக்கு நம் பாட்டிகள் வழங்கும் தெலுங்கு, கன்னடச் சொற்களைப் பக்கத்தில் எழுதி ஒரு கையேடு. பூ, பூவு, ஹூவு. வீடு, இல்லு, மனெ. யானை, ஏனுகு, ஆனெ. பிள்ளைகளே கேட்டு வரட்டும், ஐந்தாம் வகுப்பினர் எழுதட்டும். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் எனக்கு வேறு வேலை இல்லை. நோட்டை நானே வாங்கி வருகிறேன்.