புற்றுநோய் காட்டும் மலிவு உயிருணரிகள்

ரத்தம், சிறுநீர் முதலிய உடல் திரவங்களில் புற்றுநோயைச் சுட்டும் புரதத்தை எதிர்ப்பொருள் ஒன்றின் துணையால் பற்றிப் பிடித்து, அச்சேர்க்கையை மின்னோட்டமாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்டி, ஒருமுறை உபயோகித்தபின் எறியப்படும் சிறு பட்டைகள் இவை. இவற்றின் சரித்திரத்தில் அத்தகைய புரதக் குறிப்பான்களைக் கண்ட வைத்தியர்களின் மரபும், கருவி செய்த இரசாயனிகளின் மரபும் தனித்தனியே வளர்ந்து, மிகப் பிந்தியே ஒன்றையொன்று சந்தித்தன.

வைத்தியர் மரபே மூத்தது. 1845இல் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவரிடம் ஆராயும்படி அனுப்பப்பட்ட சிறுநீரில், நைட்ரிக் அமிலம் விட்டபின் சூடேற்றினால் கரைந்தும் ஆறினால் மீண்டும் படிந்தும் விளங்கிய வினோதமான புரதம், எலும்பு மஜ்ஜைப் புற்றின் அடையாளமெனப் பின்னர் தெளிவாயிற்று. கல்லீரல் கட்டியுடைய எலிகளில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தை 1963இல் ஆபெலெவ் என்ற ஆய்வாளர் கண்டார். பெருங்குடற் புற்றின் சி.இ.ஏ. என்னும் குறிப்பான் 1965இல் மான்ட்ரியலில் வெளிப்பட்டது. இத்தகைய குறிப்பான்களை நுண்ணளவில் அளக்க முதலில் கதிரியக்கம் வேண்டியிருந்தது. 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்ற ஆய்வாளர்கள் அதன் இடத்தில் நொதியை அமர்த்தினர்.

இரசாயனிகளின் மரபோ சர்க்கரையை அளப்பதில் தொடங்கி, நீரிழிவுக்கு உதவி வளர்ந்தது. அலபாமாவில் லீலண்ட் கிளார்க் 1962இல் ஆக்ஸிஜன் மின்முனையின்மேல் சவ்வுக்கிடையே நொதியைச் சிறைப்படுத்திச் சர்க்கரையை அளக்கும் வழியை முன்வைத்தார். அவ்வழி வளர்ந்து, 1987இல் பேனா வடிவக் கருவியும் கரி மசியால் அச்சிட்ட பட்டையும் கடைக்கு வந்தன; மலிவின் இரகசியம் அந்த அச்சுமுறையிலேயே இருந்தது.

ஆயினும் சர்க்கரைப் பட்டையைப் புற்றுநோய்க்கு அப்படியே திருப்பிவிட முடியவில்லை. ஒரு லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ ஒரு கிராம் உண்டு. புராஸ்டேட் சுரப்பியின் பி.எஸ்.ஏ. புரதத்துக்கு நெடுங்காலம் எல்லையாகக் கொள்ளப்பட்ட அளவோ லிட்டருக்கு 4 மைக்ரோகிராம், அதாவது இரண்டு லட்சம் மடங்குக்கும் மேலாகக் குறைவு. போதாக்குறைக்கு, ரத்தத்தின் ஏனைய புரதங்கள் மின்முனையில் அழையாமல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பொருளோ வெப்பத்தில் கெடுகிறது. இவற்றுள் நுண்மைக் குறை ஒருவாறு தீர்ந்துவிட்டதென்றே சொல்லலாம்: கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்லிங் குழுவினர் 2006இல் கரிம நுண்குழாய்களைக் காடுபோல் நிறுத்தி, மேற்சொன்ன எல்லையில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் உணர்ந்தனர்.

மலிவை நாடி, 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வொயிட்சைட்ஸ் குழுவினர் காகிதத்தையே கருவியாக்கினர். அதன் பிற்கால எளிய வடிவில், மெழுகு மசியால் கோடுகள் அச்சிட்டு அத்தாளைச் சூட்டுத் தட்டில் சற்றே வைத்தால், மெழுகு இளகித் தாளின் மறுபுறம்வரை இறங்கிக் கரையாகிறது. கரைகளுக்கிடையே துளித் திரவம் பம்பு ஏதுமின்றித் தானே ஊறிச் செல்கிறது. மெச்சத்தக்க எளிமைதான், எனினும் புற்றுநோய்க்கென இம்முறையில் செய்யப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூட வாசலைத் தாண்டவில்லை.

காகித முறைக்கு முன்பே அவ்வாசலைத் தாண்டிய புற்றுநோய்ச் சோதனைகளுள் ஒன்று, அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற ‘பிளாடர்செக்’. சில சொட்டுச் சிறுநீரில் என்.எம்.பி. 22 என்னும் புரதத்தை அரைமணியில் காட்டும் இதற்கும், நீர்ப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனைக்குத் துணை என்ற ஸ்தானமே கிடைத்தது. காரணம் வெளிப்படை: அழற்சியிலும் கல்லிலும்கூட அப்புரதம் உயர்கிறது. பி.எஸ்.ஏ.யும் தீங்கற்ற வீக்கத்தில் ஏறக்கூடியதே; நோயற்றோர் வீண் சிகிச்சைக்கு ஆளாகும் அபாயத்தை எடைபோட்ட அமெரிக்க நிபுணர் குழு, ஆண்களுக்கு அச்சோதனையைப் பொதுவாகச் செய்வது வேண்டாமென்று 2012இல் கூறி, 55 முதல் 69 வயதினர் வைத்தியருடன் கலந்து தாமே தீர்மானிக்கலாமென்று 2018இல் தளர்த்தியது.