களிசானின் நீளம்

மேசை, அலுமாரி, சப்பாத்து போல 'களிசான்' என்பதும் போர்த்துக்கேயர் நமது நாவில் விட்டுச் சென்ற சொல். தமிழகத்து நண்பர்களிடம் இச்சொல்லைச் சொன்னால் ஒருகணம் விழிப்பார்கள். சிங்களவர்களிடம் 'கலிசம' என்றால் உடனே விளங்கிக்கொள்வர். கற்பிட்டிக் குடாநாட்டில் போர்த்துக்கேயர் காலூன்றினர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தனர். ஆக, களிசான் அணிந்த கால்கள் தலவிலக் கரையை அண்டிய இம்மணலில் நடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆனால் இக்கரையின் பிள்ளைகளுடைய கால்களில் அது ஏறியதோ மிகப் பிந்தித்தான்.

பெரியவர்களின் உடை நமது வரலாற்றில் பதிவாகியிருக்கின்றது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்ததும், அதை எதிர்த்து மருதானைப் பள்ளிவாசலில் மக்கள் திரண்டதும் நம்மவர் பலமுறை எழுதிய செய்தி. தலைக்கு அணிவதைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், பிள்ளைகள் இடுப்புக்கு அணிவதைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதனாலேயே இக்கட்டுரைக்குத் துணிந்தேன்.

முதலில் மேற்கைப் பார்ப்போம். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆண் குழந்தையும் பெண் குழந்தையைப் போலக் கவுனே அணிந்தது. நான்கு முதல் ஏழெட்டு வயதுக்குள் ஒருநாள் குடும்பத்தார் கூடிப் பையனுக்கு முதற் களிசான் போட்டுவிடுவர். அன்று முதல் அவன் ஆண்பிள்ளை. 1780களில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. தகப்பன்மார் முழங்காலோடு நிற்கும் களிசான் அணிந்துகொண்டிருக்க, மேற்சட்டையோடு பொத்தானிட்டுப் பிணைத்த நீளக் களிசான் பிள்ளைகளுக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் எல்லாம் தலைகீழாயிற்று. தகப்பனுக்கு நீளம், மகனுக்குக் கட்டை. 'நீளக் களிசான் பெரியவர்களுக்குரியது' என்பது இயற்கை நியதியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1846இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்கு, நான்கு வயதில், கப்பல் மாலுமியின் உடையைச் சிறிதாகத் தைத்து அணிவித்து ஓவியம் வரைவித்தனர். அதன் பின் மாளிகைப் பிள்ளைகளெல்லாம் மாலுமிக் களிசானுக்கு ஆசைப்பட்டனர். கடலில் உழைப்பவனின் உடை அரண்மனைக்குப் போயிற்று. நமது கரையிலோ கடலுக்குப் போகும் பிள்ளைக்குச் சாரன்தான். கரைவலை இழுக்கையில் அதையும் மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்வான்.

நமது வீடுகளில் ஆண்பிள்ளையின் பருவத்தைச் சொன்னது சாரன். சுன்னத்துக் கல்யாணத்தன்று உடுத்திய வெள்ளைச் சாரனை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் களிசானை இஸ்லாத்துக்குப் புறம்பான உடையென்று எண்ணுவதற்கில்லை. இஹ்ராமில் அணியக்கூடாதவற்றைச் சொல்லும் ஹதீஸில் 'ஸராவீல்' என்ற சொல் வருகின்றது. அது பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொல்; காற்சட்டையையே குறிக்கும். வழக்கில் இருந்த உடையானபடியால்தான் இஹ்ராமில் அதை விலக்க வேண்டியிருந்தது. நமக்குச் சங்கடம் தந்தது களிசானல்ல, அதன் நீளமே.

கட்டைக் களிசான் நம்மிடம் வந்தது இரண்டு வழிகளில். ஒன்று, வெப்ப நாடுகளில் பிரித்தானியச் சிப்பாய்கள் அணிந்த காக்கி. மற்றது, 1907இல் பேடன் பவல் தொடக்கி 1912இல் இலங்கைக்கு வந்த சாரணர் இயக்கம். 1945இல் இலவசக் கல்வி வந்து ஊர்ப் பிள்ளைகள் பாடசாலைக்குத் திரண்டபோது கட்டைக் களிசானும் கூடவே வந்தது. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டுமென்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளை, முழங்காலுக்கு மேலே நிற்கும் களிசானோடு வகுப்பில் அமர்ந்தான். இதற்கு எந்த மாநாடும் கூடவில்லை, தீர்மானமும் நிறைவேறவில்லை. "மடிப்பை இறக்கி, முழங்காலுக்குக் கீழே வரத் தைத்துத் தாங்க காக்கா" என்று உம்மாமார் தையற்காரரிடம் சொன்னார்கள். அவ்வளவில் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தாலும் அதே களிசான் உதவும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

1970களில் அடிப்பக்கம் விரிந்த பெல்பொட்டம் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் நல்ல துணி கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில், காலடிக்கு இரண்டு பங்கு துணி தின்னும் மோஸ்தர்! 1977இன் பின் சந்தை திறந்தது. அடுத்த ஆண்டே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது. உலகத்துப் பிள்ளைகளுக்குக் களிசான் தைக்கும் நாடாயிற்று இலங்கை. மத்திய கிழக்குக்குப் போனவர்களின் பொதிகளில் டெனிம் வந்தது. தலவில அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவில், மணலில் போட்ட தற்காலிகக் கடைகளில் கயிற்றில் தொங்கிய களிசான்களைப் பார்த்தே அவ்வருடத்து மோஸ்தரை நான் அறிந்துகொள்வேன். பெருநாளுக்கு நம்மவர் வாங்கியதும் அதே மோஸ்தர்தான்.

இடையில் 1990 ஒக்டோபர் வந்தது. வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். உடுத்திய உடையோடு வந்த பிள்ளைகள் சாரனோடும், யாரோ கொடுத்த பெரிய களிசானைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டும் வகுப்புக்கு வந்தனர். உள்ளூர்ப் பிள்ளை, அகதிப் பிள்ளை என்ற வேறுபாட்டை முதலில் காட்டிக் கொடுத்தது உடைதான். 1993இல் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. இருவருக்கும் ஒரே நீலம், ஒரே வெள்ளை. அந்தத் துணியின் தரத்தைப் பலர் குறை சொன்னார்கள். அது செய்த பெரிய காரியம் எனக்குத் தெரியும்.

ஆனால் நீலக் கட்டைக் களிசானுக்கு ஒரு முடிவு உண்டு. மேல் வகுப்புக்குப் போனதும் வெள்ளை நீளக் களிசான் அணிய வேண்டும். நமது கரையில் சோதனை அங்கேதான். ஏறத்தாழ அந்த வயதில்தான் பையனின் கைகளுக்கு வலை இழுக்கும் பலம் வருகின்றது. வெங்காயத் தோட்டத்திலும், கருவாட்டு வாடியிலும், கொழும்புக் கடைகளிலும் அவனுக்கு வேலை காத்திருக்கின்றது. 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி விதியும் பதினான்கு வயதோடு அவன் கையை விட்டுவிட்டது. 2016இல்தான் அதைப் பதினாறாக உயர்த்தினர். சாரனுக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் கண்டிருக்கிறேன். இக்கரையில் வெள்ளை நீளக் களிசான் வயதின் அடையாளமன்று. படிப்பில் தங்கிவிட்டான் என்பதன் அடையாளம்.

2015இன் கடைசியில் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பின்னர் மீண்டும் துணிக்கே வந்தார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் துணி விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2023க்குரிய சீருடைத் துணியில் எழுபது வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2025க்கு முழுவதையுமே தந்தது. துணி வந்தாலும் தையற்கூலி வீட்டுக்காரர் தலையில்தான்.

இப்போது களிசான் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. பாடசாலை வாசலில் ஆசிரியர்கள் அதன் அகலத்தை அளக்கிறார்கள். கரண்டைக்கு மேலா கீழா என்று பள்ளிவாசலில் நாம் விவாதிக்கிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். நீலக் களிசானோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுள் எத்தனை பேர் வெள்ளை நீளக் களிசானோடு பதினோராம் வகுப்பில் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இந்தக் கணக்கை எடுக்கட்டும். றமழானில் ஸகாத் பங்கிடும்போது பத்தாம் வகுப்புக்குப் போகும் பையனின் தையற்கூலியையும் பட்டியலில் சேர்க்கட்டும். அகலத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.