தேவையிலிருந்து தேறுதலுக்கு: ஜெபச் சால்வையின் வரலாற்றுப் பாதை

முன்னுரை

நோயாளிகள், துணையை இழந்தோர், மரணத் தறுவாயில் இருப்போர் ஆகியோருக்காக ஜெபித்தபடியே சால்வை பின்னிக் கொடுக்கும் வழக்கம், அமெரிக்காவின் கத்தோலிக்க, லுத்தரன், மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல் சபைகளில் இன்று பரவலாக உள்ளது. நெடுங்கால மரபுபோலத் தோன்றினாலும் இப்போதைய வடிவில் இது தொடங்கியது 1998இல்தான். ஆடையற்றவருக்கு ஆடை என்றிருந்த திருச்சபைப் பெண்களின் ஊசிவேலை, துயருற்றவருக்குத் தேறுதல் என்னும் நிலையை எவ்வாறு எட்டியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உடுத்தக் கொடுத்த காலம்

இவ்வூசிவேலைக்கு விவிலிய முன்னோடி, அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் தபீத்தாள். யோப்பா பட்டணத்தில் அவள் இறந்தபோது, அவள் செய்துகொடுத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதனர். தொற்காள் என்ற அவளது கிரேக்கப் பெயரைத் தாங்கிய சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தன.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) பெண்கள் சங்கங்கள் காலுறை பின்னின. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் செஞ்சிலுவைச் சங்கம் அளவும் நிறமும் குறித்த பின்னல் குறிப்புகளை அச்சிட்டு வழங்கியது. குளிரும் ஈரமும் நிறைந்த பதுங்குகுழியில் காலுறை உயிர் காக்கும் பொருள். அதனால் எத்தனை ஜோடி, சரியான அளவா என்பவையே முதன்மையாயின. பின்னியவருக்கும் அணிந்தவருக்கும் பெரும்பாலும் அறிமுகமே இல்லை.

ஹார்ட்ஃபோர்டில் ஏற்பட்ட திருப்பம்

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் செமினரி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்ட இறையியல் நிறுவனம். அங்கு கத்தோலிக்கத் துறவியான பேராசிரியர் மிரியம் தெரேஸ் வின்டர் நடத்திய பெண்கள் தலைமைத்துவப் பயிற்சியை 1997இல் முடித்தவர்கள் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ. பெண்ணிய ஆன்மிகத்தை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பதே அப்பயிற்சியின் நோக்கம். மறு ஆண்டு இவர்கள் தொடங்கியதே ஜெபச் சால்வை ஊழியம். ஆக, இது ஆயர்களோ சபைத் தலைமையோ வகுத்தளித்த திட்டம் அன்று. பொதுநிலைப் பெண்கள் இருவரின் முயற்சி.

பின்னும் முறையிலேயே இதன் தனித்தன்மை தெரிகிறது. ஊசியில் 57 கண்ணிகள் ஏற்றி, மூன்று நிட் (நேர்க் கண்ணி), மூன்று பர்ல் (எதிர்க் கண்ணி) என மாற்றி மாற்றிப் பின்னுவது இவர்கள் பரப்பிய எளிய வடிவம். 57 என்பது 19 மும்மைகள். 19 ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு வரிசையும் நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடியும். ஊசியைத் திருப்பியதும் அதே வரிசை மீண்டும் வரும். எந்த வரிசையில் இருக்கிறோம் என்று நினைவு வைக்கவோ தாளைப் பார்க்கவோ வேண்டியதில்லை. கை தானே ஓட, மனம் ஜெபத்தில் நிற்கும். மூன்று என்பதைக் கிறிஸ்தவர்கள் திரித்துவமாகக் கொள்வர். பிறர் உடல், மனம், ஆன்மா எனக் கொள்ளவும் இடமுண்டு.

யூதர்கள் அணியும் தாலித்தும் ஜெபச் சால்வை என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அதை ஜெபிப்பவர் அணிகிறார். இதையோ யாருக்காக ஜெபிக்கிறார்களோ அவர் போர்த்திக்கொள்கிறார்.

பரவிய விதம்

சூசன் ஜோர்கன்சன், சூசன் இசார்ட் எழுதிய 'நிட்டிங் இன்டு தி மிஸ்டரி' 2003இலும், நிறுவனர்களின் 'தி பிரேயர் ஷால் கம்பானியன்' 2008இலும் வெளிவந்து இவ்வழக்கத்தைப் பரப்பின. சபைக் குழுக்கள் ஜெபத்துடன் கூடிப் பின்னுகின்றன. முடிந்த சால்வைகள்மேல் கைவைத்து ஆசீர்வதிக்கின்றன. ஒரு ஜெபத்தையும் துவைக்கும் முறையையும் எழுதிய அட்டையை உடன் வைக்கின்றன. சலவை இயந்திரத்தில் போட்டாலும் சுருங்காத அக்ரிலிக் நூலைப் பலர் விரும்புகின்றனர். துயரத்துக்கு மட்டுமன்றித் திருமணம், மகப்பேறு போன்ற மகிழ்ச்சிகளுக்கும் சால்வை தரப்படுகிறது.

இதற்கான மண் முன்பே பண்பட்டிருந்தது. 1967இல் பிரிட்டிஷ் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில், மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் 1974இல் அதே கனெக்டிகட்டில் பணியைத் தொடங்கியது. குணப்படுத்த இயலாதபோதும் நோயாளிக்குச் செய்யவேண்டியது மீதமிருக்கிறது என்ற எண்ணத்தை ஹாஸ்பிஸ் இயக்கம் வேரூன்றச் செய்தது. சால்வை ஊழியம் அந்த எண்ணத்துக்கு இசைந்தது. ஆனால் ஹாஸ்பிஸ் இயக்கத்தின் நேரடி விளைவு என்று கூறுவது மிகையாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் மூன்று மாற்றங்கள் தெளிவாகின்றன. பெறுபவரின் பொருள் வறுமை முன்நிபந்தனையாக இல்லாமற்போனது. எண்ணிக்கையும் அளவும் பெற்றிருந்த முதலிடத்தைப் பின்னும் நேரத்து ஜெபம் பெற்றது. பொதுநிலைப் பெண்களே ஆசி வழங்குவோராயினர். இவற்றுள் மூன்றாவதே மிக முக்கியமானது. நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் தர்மக் கணக்கில் ஓர் உருப்படியாக இருந்த பெண்களின் ஊசிவேலை, ஜெபச் சால்வையின் வழியே ஓர் ஊழியமாக நிலைபெற்றது.