கிடப்பில் கிடந்த 606

வங்கியாளரான தம் கணவரின் நினைவாகப் பிரான்சிஸ்கா ஸ்பையர் அளித்த நன்கொடையால் பிராங்பர்ட் நகரில் எழுந்து 1906இல் திறக்கப்பட்ட கெயோர்க் ஸ்பையர் ஆய்வு நிலையத்திற்கு அதன் இயக்குநர் பவுல் எர்லிக் வகுத்த பணி ஒன்றே: நோய்க்கிருமியைக் கொன்று நோயாளியை விட்டுவைக்கும் வேதிப்பொருளைத் தேடுவது.

தேடல் அட்டாக்சில் என்னும் ஆர்செனிக் சேர்மத்திலிருந்து தொடங்கியது. ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் என்னும் ஒருசெல் உயிரியை அது அழிப்பதை லிவர்பூல் ஆய்வாளர்கள் 1905இல் கண்டறிந்திருந்தனர். ஆயினும் அதை ஏற்ற நோயாளிகள் சிலருக்குப் பார்வை நரம்பு கெட்டுக் கண்ணொளி போயிற்று. அதன் மூலக்கூறு அமைப்பைப் பற்றி அதுவரை நிலவிய கருத்து பிழையென்றும், வேறு அணுக்களைக் கோத்துப் பார்ப்பதற்கு வாய்ப்பான அமினோ தொகுதி ஒன்று அதில் தளையின்றி உள்ளதென்றும் 1907இல் எர்லிக்கும் அவருடைய வேதியியலர் ஆல்பிரட் பெர்ட்ஹைமும் நிறுவிய பின்னரே, நஞ்சு குறைந்த மாற்றுச் சேர்மங்களை வரிசையாக ஆக்கி எண்ணிட்டுச் சோதிக்கும் வழி திறந்தது.

அவ்வரிசையில் 606 என்னும் எண் பெற்ற சேர்மம் முதற்சோதனையில் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. மேகநோய்களுள் கொடியதான சிபிலிசுக்குக் காரணமான சுருள்வடிவக் கிருமியை 1905இல் பெர்லினில் ஷவ்டினும் ஹோப்மனும் கண்டிருந்தபோதிலும், அந்நோயை முயல்களுக்கு ஏற்றி மருந்தின் ஆற்றலை அளந்தறியும் தேர்ச்சி பிராங்பர்ட்டுக்கு வந்தது 1909இல்தான். அதைக் கொண்டுவந்தவர் தோக்கியோவில் கித்தசாத்தோவிடம் பயின்ற சஹச்சிரோ ஹத்தா. ஒதுக்கிய சேர்மங்களையும் விடாமல் அவர் மறுபடி சோதித்தார். 1909 ஆகஸ்ட் 31 அன்று 606 செலுத்தப்பட்ட முயலின் புண்ணில் மறுநாளே உயிருள்ள கிருமி காணப்படவில்லை. எர்லிக்கின் பெயரோடு மட்டும் இம்மருந்தைச் சேர்த்துப் பேசும் வழக்கம் ஹத்தாவுக்கு நியாயம் செய்வதன்று. பொருள் முன்பே கையில் இருந்தது. அதன் தகுதியை அறியும் சோதனைதான் இல்லாதிருந்தது. குணமாக்கும் அளவுக்கும் உடல் தாங்கும் உச்ச அளவுக்கும் உள்ள விகிதமே அத்தகுதியின் அளவுகோல். முந்தையது பிந்தையதினும் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு மருந்து நன்று.

1910 ஏப்ரலில் வீஸ்பாடன் மருத்துவ மாநாட்டில் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. விற்பனைக்கு விடுமுன் ஏறத்தாழ 65,000 குப்பிகள் மருத்துவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. அதே ஆண்டிலேயே ஹோக்ஸ்ட் நிறுவனம் அதைச் சால்வர்சான் என்னும் பெயரில் விற்கத் தொடங்கிற்று. காற்றுப் பட்டால் மஞ்சள் நிறத் தூள் சிதைந்து நஞ்சேறும் என்பதால் அதைக் கண்ணாடிக் குப்பியில் காற்றின்றி அடைக்க வேண்டியிருந்தது. செலுத்துமுன் கரைத்துக் காரம் சேர்க்கும் வேலையும் மருத்துவரைச் சார்ந்ததாயிற்று. நீரில் எளிதில் கரையும் நியோசால்வர்சான் 1912இல் வந்து இத்தொல்லையை ஓரளவு குறைத்தது.

அட்டாக்சிலின் அமைப்பைத் திருத்திய எர்லிக், இரு ஆர்செனிக் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த மூலக்கூறே சால்வர்சான் என்று கருதினார். அப்படியன்று, மூன்றும் ஐந்துமாக ஆர்செனிக் அணுக்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறுகளின் கலவை அது என்பதை நிறைநிறமாலைச் சோதனை 2005இல் காட்டியது.