பட்பட்டி, ஜுகாட், நடுவில் ஒரு ஷாஃப்ட்

டெல்லியில் நாற்பது ஐம்பது வருஷம் குப்பை கொட்டிய கரோல்பாக் மாமாக்களிடம் பழைய கதை கேட்டால் மூன்று விஷயம் தவறாமல் வரும். குளிர், கோவில், பட்பட்டி. முதல் இரண்டைப் பற்றி எழுத இங்கே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். மூன்றாவது அனாதையாகக் கிடப்பதால் நான் எடுத்துக்கொண்டேன். (படித்தது பி.காம்., வேலை வங்கியில். இவனுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வண்டிக்குக் கடன் கொடுக்கிறவன், அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லையே!)

பட்பட்டி என்பது ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் பாட்டன். முன்பாதி ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள், பின்பாதி கூரை போட்ட ரிக்‌ஷா. இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி கம்பெனி டபிள்யூஎல்ஏ என்ற ராணுவ வண்டியைச் சுமார் 90,000 செய்து தள்ளியது. போர் முடிந்ததும், இந்தியாவில் இருந்தவற்றைத் திரும்பக் கப்பலேற்றுவது கட்டுப்படியாகாது என்று இங்கேயே கழித்துவிட்டார்கள். அடுத்து வந்தது 1947. பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த சீக்கியர்களுக்கு உடனடியாக ஒரு பிழைப்பு வேண்டும். கழித்துக்கட்டிய ஹார்லியும் கையில் தொழில் இருந்த மனிதர்களும் சேர்ந்து பிறந்ததுதான் இந்த வண்டி. கனாட் பிளேஸ், சாந்தினி சௌக், செங்கோட்டை என்று அரை நூற்றாண்டு ஓடியது. ஓடும்போது எழுப்பிய சத்தமே பெயராகிவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஹார்லி அல்ல. பின்னால் இரண்டு சக்கரம் வைத்தார்களே, அதுதான். டபிள்யூஎல்ஏவின் 740 சிசி எஞ்சின், சங்கிலி வழியாக ஒரே ஒரு பின்சக்கரத்தை ஓட்டச் செய்யப்பட்டது. இரண்டு சக்கரம் என்றால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்குத்தான் டிஃபரென்ஷியல். ஹார்லி கம்பெனியே 1932 முதல் 'சர்வி-கார்' என்று ஒரு மூன்று சக்கர வண்டி விற்றது. அதில் சங்கிலியும் உண்டு, டிஃபரென்ஷியலும் உண்டு. மில்வாக்கியில் பொறியாளர்கள் வரைபடம் போட்டுச் செய்ததை இங்கே பட்டறைக்காரர்கள் கண்ணளவில் யோசித்திருக்கிறார்கள்.

சங்கிலிக்கு ஒரு எதிரி உண்டு: மணல். வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையில் ஜெர்மன்காரர்களின் பிஎம்டபிள்யூ, சங்கிலி இல்லாமல் ஷாஃப்டில் ஓடியது. அதைப் பார்த்து அமெரிக்க ராணுவம் எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்க, ஹார்லி 1942 வாக்கில் எக்ஸ்ஏ என்ற ஷாஃப்ட் வண்டியைச் செய்தது. சுமார் ஆயிரத்தோடு சரி. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மணலில் போகும் ஜீப் இருக்கும்போது ஷாஃப்ட் வைத்த மோட்டார் சைக்கிள் எதற்கு? ஆக ஹார்லிக்குச் சங்கிலி, ஜீப்புக்கு ஷாஃப்ட் என்று முடிவானது. அந்த இரண்டுமே பின்னால் டெல்லிப் பக்கம் மறுபிறவி எடுத்தன. ஹார்லி பட்பட்டி ஆனது. ஜீப்பின் பாகங்கள் போன இடம் ஜுகாட்.

ஜுகாட் என்றால் இந்தியில் 'எதையாவது செய்து சமாளிப்பது'. ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் அது ஒரு வண்டியின் பெயரும் கூட. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின், மரப்பலகை போட்ட தளம், பழைய ஜீப்பின் கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பின் அச்சு. நம்மூர் ஆட்களுக்குச் சொல்வதென்றால் சென்னை மீன்பாடி வண்டியின் பெரியப்பா.

எஞ்சின் ஒரு இடத்தில் வாங்கலாம், அச்சு இன்னொரு இடத்தில் வாங்கலாம். இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் அளவாக எங்கேயும் வாங்க முடியாது. தளத்தின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. எனவே பழைய ஷாஃப்டை வெட்டி, குழாயைக் குறைத்தோ சேர்த்தோ வெல்டிங் செய்ய வேண்டும். தொழிலின் சூட்சுமமே இங்கேதான். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் 'கிராஸ்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிலுவை மூட்டு இருக்கும். மூட்டு சாய்வாக நின்றால், எஞ்சின் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். இரண்டாவது மூட்டு அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே திருப்பிப் போட்டுச் சரிக்கட்டும் (டெபிட்டுக்கு ஒரு கிரெடிட்!). ஆனால் ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். வெல்டிங் வைக்கும்போது கொஞ்சம் திரும்பிவிட்டால் வண்டி உதறும். உதறிக்கொண்டே ஓடினால் கிராஸ் தேயும், ஒருநாள் உடையும். முன்பக்க மூட்டு விட்டுப்போனால் ஷாஃப்டின் நுனி தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போடக்கூடும்.

நீளமும் நிலையானதல்ல. ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போதெல்லாம் பின் அச்சு நகரும். அதற்கு இடம்கொடுக்க ஸ்ப்லைன் வைத்த, உள்ளே வெளியே நழுவும் ஒரு முனை தேவை. அமெரிக்காவில் 'டெமாலிஷன் டெர்பி' என்று ஒரு விளையாட்டு 1950களிலிருந்து நடக்கிறது. பழைய கார்களை வேண்டுமென்றே மோதவிட்டு, கடைசிவரை நகரும் காருக்குப் பரிசு. (பெட்ரோல் அவர்களுடையது, நாம் என்ன சொல்ல!) அதில் பின்பக்கம் நசுங்க நசுங்க ஷாஃப்ட் முன்னால் தள்ளப்பட்டு கியர்பாக்ஸை உடைத்துவிடும் என்பதால், ஒன்றுக்குள் ஒன்று நீளமாக நழுவும் இரட்டைக் குழாய் ஷாஃப்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அங்கே மோதலுக்காகச் செய்வதை இங்கே சுமைக்காகச் செய்கிறார்கள். முப்பது பேர் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் என்ன பாடு படும்! வித்தியாசம், அங்கே காரில் இருப்பது ஹெல்மெட் போட்ட ஒரே ஒரு ஆள்.

சாமான் எங்கே கிடைக்கும்? மேற்கு டெல்லி மாயாபுரியில். 1970களின் நடுவில் மோதியா கானிலிருந்து காயலான் கடைக்காரர்களை அங்கே மாற்றினார்கள். சந்து சந்தாக கியர்பாக்ஸ், அச்சு, ஷாஃப்ட் குவியல். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் போட்டால் சொத்தின் மதிப்பு எத்தனை வருஷமானாலும் பூஜ்யத்தைத் தொடாது. கல்லூரியில் இது வெறும் கணக்கு என்று நினைத்தேன். மாயாபுரிக்குப் போனால் மீதி மதிப்பு கண்ணெதிரே எண்ணெய் பிசுக்கோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது என் மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மேலாண்மை வகுப்புகளில் ஜுகாட்டை 'இந்தியப் புத்திசாலித்தனம்' என்று கொண்டாடுகிறார்கள். புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிக்குப் பதிவு எண் கிடையாது, தகுதிச் சான்று கிடையாது. அதனால் இன்ஷூரன்ஸும் கிடையாது. ஷாஃப்ட் உடைந்து கவிழ்ந்தால், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்கு இழப்பீடு யார் தருவது? ஓட்டியவரிடம் வாங்கலாம் என்றால் அவரிடம் இருந்த சொத்தே அந்த வண்டிதான். ஜுகாட்டும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது. தீர்ப்பு சரி. ஆனால் பஸ் வராத கிராமத்துக்கு அந்தத் தீர்ப்பு பஸ் அனுப்பவில்லை.

பட்பட்டிக்கும் நீதிமன்றத்தில்தான் முடிவு வந்தது. டெல்லியின் காற்று மாசு வழக்கில் 1998ல் உச்ச நீதிமன்றம் பழைய வணிக வாகனங்களை வரிசையாக ஒழிக்கச் சொன்னபோது, ஐம்பது வயது தாண்டிய ஹார்லிகள் தப்பிக்க வழியே இல்லை. புகையும் நிஜம், பிழைப்பும் நிஜம். 'பட்பட் சேவா' என்ற பெயரை மட்டும் பின்னால் வந்த வேன்கள் எடுத்துக்கொண்டன. ஹார்லி போய்ச் சேர்ந்தது, சத்தம் போனது, பெயர் நின்றது.

அந்த இடத்தில் இப்போது ஓடுவது ஈ-ரிக்‌ஷா. 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2015ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி உள்ளே கொண்டுவந்தது. இதில் சங்கிலியும் இல்லை, நீள ஷாஃப்டும் இல்லை. மோட்டாரையே பின் அச்சின் டிஃபரென்ஷியலோடு பொருத்திவிட்டார்கள். வெல்டிங் வாட்டம் பார்க்க வேண்டிய வேலையே மிச்சமில்லை. பதிவு உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, வங்கிக் கடனும் உண்டு. பயணிகள் நாலு பேர் என்பது சட்டம். ஐந்தாவது ஆள் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்கிறார். ஆறாவது ஆளுக்காக சாந்தினி சௌக் மெட்ரோ வாசலில் வண்டி இன்னும் கிளம்பாமல் நிற்கிறது.