யாரும் போட்டுக்கொடுத்த நாற்காலி அல்ல

தலித் தலைவர்கள் எப்படி உருவானார்கள் என்று கேட்டால், நமக்குச் சொல்லித்தரப்பட்ட வரலாற்றில் இரண்டே பதில்கள்தான். ஒன்று, வெள்ளைக்காரன் தூக்கிவிட்டான். இன்னொன்று, மேலே இருந்த ஒரு நல்ல மனுசர் கைகொடுத்தார். சேரியில் பிறந்த ஒருவர் தன்னைத் தானே தயார்செய்துகொண்டார் என்ற மூன்றாவது பதில் அங்கே கிடையாது. கிடையாது என்பது தற்செயலும் அல்ல. யாரோ கொடுத்தது என்றால், யாரோ பிடுங்கிக்கொள்ளலாம் அல்லவா?

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சின்னஞ்சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டார். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் தன்வரலாறு என்ற தலைப்பில் யார் யாரையோ படித்தேன். இந்தப் பெயர் ஒரு வகுப்பிலும் காதில் விழவில்லை. பிறகு ஒரு தோழர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில்தான் படித்தேன்.

அவர் கோயம்புத்தூரில் படித்த பள்ளியில் ஏறக்குறைய எல்லாரும் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிட்டால் கேவலப்படுத்துவார்கள் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு விட்டதும், கூடப் படிக்கிறவர்கள் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு வேகமாக நடந்துவிடுவாராம். பெயரை மறைத்து ஓடிய அந்தப் பையன்தான் 1893 அக்டோபரில் சென்னையில் பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. எதைச் சொல்லித் திட்டினார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார்.

ஓட்டத்துக்கும் முகப்புக்கும் நடுவில் என்ன நடந்தது? அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் அவர் கணக்கராக வேலை பார்த்தார். கணக்கு வேலை என்றால் வரவு, செலவு, கடிதம், கோப்பு. இதெல்லாம் யாரை ஆளுகிறது, எப்படி ஆளுகிறது என்று உள்ளேயிருந்து பார்க்கிற வேலை. 1890இல் சென்னைக்கு வந்தார், 1891இல் பறையர் மகாஜன சபையை அமைத்தார். வயிற்றுப்பாட்டுக்குக் கற்ற தொழிலை இயக்கத்துக்கு மூலதனமாக மாற்றினார்.

பத்திரிகை நாலு பக்கம், விலை இரண்டணா. சென்னையில் மட்டும் இரண்டு நாளில் 400 பிரதி விற்றது என்று எழுதுகிறார். அதே 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. நடத்தினால் பதவிகள் யார் வீட்டுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். கூட்டம் போட்டு 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள விண்ணப்பத்தை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அத்தனை பேரையும் தேடிப்போய்ப் புரியவைத்துக் கையெழுத்து வாங்குவது சாதாரண வேலையா? இயக்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

1900இல் இங்கிலாந்து போகக் கிளம்பியவர் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல வருஷம் இருந்தார். கூலிக்குப் போன தமிழனுக்கும் சட்டத்துக்கும் நடுவே நிற்கிற வேலை அது. அங்கே பழகிய நாக்குதான் பிறகு சட்டசபையில் பேசியது. 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1924இல், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எங்கள் ஆட்களை யாரும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

'நியமன உறுப்பினர்தானே, சர்க்கார் பட்டம் வாங்கியவர்தானே' என்று சில முற்போக்குத் தோழர்களே சொல்கிறார்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் வாங்கியது உண்மை. நியமனம் உண்மை. ஆனால் நியமனத்துக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே சபை இருந்தது, பத்திரிகை இருந்தது, 112 அடிக் காகிதம் இருந்தது. நாற்காலி வந்ததால் அவர் தலைவராகவில்லை. தலைவராக இருந்ததால் நாற்காலி வந்தது.

நாற்காலிக்கு எல்லை உண்டு என்பதையும் அந்த வரலாறே சொல்கிறது. வட்டமேசையில் கேட்ட தனி வாக்காளர் தொகுதி 1932 பூனா ஒப்பந்தத்தில் போனது. அதில் அவரும் கையெழுத்துப் போட்டார். தனி ஒருவரின் திறமை எவ்வளவு பெரிதானாலும், பின்னால் அமைப்பாகத் திரண்ட ஜனம் இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்தின் விலையை எதிராளிதான் தீர்மானிப்பான்.

எங்கள் பக்கத்துக் காலனிகளில் கூட்டத்துக்குப் போனால் இளைஞர்கள் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணே, எனக்கு எப்பண்ணே பொறுப்பு குடுப்பாங்க?" நான் கோபப்படுவதில்லை. படித்துவிட்டு வேலை இல்லாமல், கொடி கட்டியே வயசு ஓடிப்போகிறவனின் ஏக்கம் அது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பொறுப்பை யாரும் குடுக்க மாட்டாங்க தம்பி, எடுத்துக்கணும். உங்க ஊர்க் கிணத்து வழக்கு எந்த நிலையில இருக்குன்னு உனக்குத் தெரியுமா? வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுத்தா அடுத்து யாருக்கு எழுதணும்? சங்கத்துக் கணக்கை எழுத வருமா? கூட்டத்துல பேசுற உன் தங்கச்சிக்கு ஒலிபெருக்கியைக் குடுக்கிறியா?

இதைக் கற்றுக்கொள்ள எந்த மாவட்டச் செயலாளர் அனுமதியும் வேண்டாம். கற்றுக்கொண்டதைத் தெருவுக்குள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். 1924 அரசாணைக்குப் பிறகும் பொதுச் சாலையில் செருப்போடு நடக்க முடியாத ஊர்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஆணை வாங்கித் தருவதை அவர் செய்துவிட்டார். அந்தச் சாலையில் நடந்து காட்டும் வேலை நம்முடையது.