ஈத்0 என்பது எந்த கார்டு?

1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தில் பிளாட்பார எண் இடத்தைத்தான் சொல்லும், வருகிற வண்டியின் வேகத்தை அல்ல. சிஸ்கோ ரூட்டர்கள் வேறு வழியில் போயின. ஈதர்நெட், ஃபாஸ்ட்ஈதர்நெட் (100 மெகாபிட்), கிகாபிட்ஈதர்நெட் என்று பெயரிலேயே வேகம்! லினக்ஸோ கார்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்றது. ரீபூட் செய்தால் வரிசை மாறலாம். ஃபயர்வால் விதி தப்பான கார்டில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்... 2013-ல் சிஸ்டம்டி 197, கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டது.

ஆனால் நூறு சர்வர்களை ஒரே டெம்ப்ளேட்டில் நிறுவ வேண்டுமே? ஓபன்ஸ்டாக்கின் டிரிபிள்ஓ, கேபிள் உயிரோடு இருக்கும் கார்டுகளை மட்டும் எண்ணி நிக்1, நிக்2 என்றது. ஒரு கேபிள் கழன்றிருந்தால் எண்கள் நகர்ந்து, 10 கிகாபிட்டுக்கு ஒதுக்கிய ஸ்டோரேஜ் டிராஃபிக் 1 கிகாபிட் கார்டில் ஏறிவிடக்கூடும். தப்பிக்க வழி, நிக்1 எது என்று மேக் முகவரியோடு கையாலேயே எழுதித் தரும் மேப்பிங் ஃபைல்தான்.